வெட்டி நடுவதா, விட்டு வளர்ப்பதா: மதுரைப் பக்கத்துக் காடுகளில் கார்பன் சேரும் கணக்கு

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "காடு அதிகக் கார்பனைப் பிடித்து வைக்க வேண்டுமானால், பழைய மரங்களை எடுத்துவிட்டு வேகமாக வளரும் மரங்களை வைப்பது நல்லதா, வெட்டாமல் விடுவது நல்லதா? எங்கள் ஊர்க் கரட்டில் (பாறைக் குன்றில்) ஆயிரக்கணக்கில் கன்று நடப்போவதாகச் சொல்கிறார்கள், அதனால் பலன் உண்டா? எங்களுக்கு 4 ஏக்கர் இருக்கிறது. மரம் வைத்தால் கார்பன் கிரெடிட் பணம் வரும் என்று ஒரு ஏஜென்ட் வந்து போகிறார். நம்பலாமா?"

அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: இருக்கும் பெரிய மரத்தை வெட்டாதீர்கள். கரட்டில் குழி தோண்டும் முன் அங்கே ஏற்கெனவே என்ன உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். கார்பன் கிரெடிட் என்பது காற்றிலிருந்து இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு எடுக்கப்பட்டது என்று காட்டும், விற்கக்கூடிய சான்று. அதற்காக ஏஜென்ட்டிடம் கையெழுத்துப் போடும் முன் நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். ஏன் என்பதற்கு இனி விளக்கம்.

ஒரு மரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஈரம் நீங்கிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். கணக்குக்கு 47 சதவீதம் என்று எடுப்பார்கள். மரத்தில் ஒரு கிலோ கார்பன் சேர்ந்திருக்கிறது என்றால், காற்றிலிருந்து 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். எடை தெரிய வேண்டும் என்பதற்காக மரத்தை வெட்ட முடியாது. எனவே நெஞ்சளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், டேப் சுற்றி அளப்போம். அந்தச் சுற்றளவோடு மரத்தின் உயரத்தையும் அந்த இனத்துக்குரிய மர அடர்த்தியையும் சேர்த்துச் சூத்திரத்தில் போட வேண்டும்.

வெப்பமண்டல மரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரத்தில் வேம்பு போன்ற ஒரு நாட்டு மரத்தைப் போட்டுப் பார்த்தேன். 50 செ.மீ. சுற்றளவும் 7 மீட்டர் உயரமும் உள்ள மரத்தில், தரைக்கு மேல் உலர் எடை 65 கிலோ அளவுக்கு வருகிறது. 100 செ.மீ. சுற்றளவும் 10 மீட்டர் உயரமும் என்றால் 360 கிலோ. 200 செ.மீ. சுற்றளவும் 15 மீட்டர் உயரமும் இருந்தால் 2 டன்னைத் தாண்டிவிடுகிறது. சுற்றளவு நான்கு மடங்கானால் எடை முப்பது மடங்குக்கு மேல் போகிறது. மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஒரு கணக்கை மறக்காதீர்கள், மீதிப் பதில் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

சாலையை அகலப்படுத்தும்போது ஒரு பழைய புளியமரத்தை வெட்டிவிட்டு, "ஒன்றுக்குப் பத்து நடுகிறோம்" என்று சொல்வார்கள் அல்லவா? பத்தும் பிழைத்து, பத்தும் 50 செ.மீ. சுற்றளவுக்கு வந்தாலும், 200 செ.மீ. சுற்றளவுள்ள பழைய மரத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பாது. பத்தும் பிழைப்பதை நான் நம் பக்கத்துச் சாலையோரம் எங்கும் பார்த்ததில்லை என்பது தனிக் கதை.

ஆனால் "இளமரம்தான் வேகமாகக் கார்பனை உறிஞ்சும், கிழட்டுக் காடு அப்படியே நிற்கும்" என்று சொல்பவரும் முழுக்கப் பொய் சொல்லவில்லை. ஓர் ஏக்கர் இளந்தோப்பு ஓராண்டில் புதிதாகச் சேர்ப்பது, ஓர் ஏக்கர் முதிர்ந்த காடு சேர்ப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல்தான். கோளாறு எங்கே வருகிறது என்றால், வரத்துக் கால்வாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, கண்மாயில் எவ்வளவு நிற்கிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். முதிர்ந்த காட்டை வெட்டுவது நிறைந்த கண்மாயின் கரையை உடைத்துவிட்டு, "பாருங்கள், இனி வேகமாக நிரம்பும்" என்று சொல்வது போல. பழைய அளவுக்குத் திரும்பவே பல பத்தாண்டுகள் ஆகும். அதன் பிறகுதான் லாபக் கணக்கு தொடங்கும்.

வெட்டிய மரம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். உலக அளவில் கார்பன் கணக்குப் போடும் நிபுணர் குழு ஒரு பொதுவான அளவு வைத்திருக்கிறது: காகிதமாகப் போனதில் பாதி 2 ஆண்டில் கணக்கிலிருந்து போய்விடும், பலகைத் தகடுகளில் பாதி 25 ஆண்டில், அறுத்த மரத்தில் பாதி 35 ஆண்டில். தைல மரமும் சவுக்கும் காகித ஆலைக்குப் போனால் அந்தக் கார்பன் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். காரைக்குடிப் பக்கம் போனால் பர்மாத் தேக்குத் தூண்கள் நூறு ஆண்டு தாண்டியும் நிற்பதைப் பார்க்கலாம். அவற்றுக்குள் இருக்கும் கார்பன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே தைல மரத்தை நட்டதற்கும் தேக்கை நட்டுக் கதவும் நிலையும் செய்ததற்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்தால், காட்டுப் பராமரிப்பு என்ற தலைப்பில் பெரும்பாலும் வெட்டும் இடைவெளியை நீட்டுவது, நெருக்கத்தைக் கலைப்பது, சேதமில்லாமல் வெட்டுவது என்றுதான் இருக்கும். மரம் வெட்டி விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் காடுகளுக்கு அது பொருந்தும். இங்கே நிலைமை வேறு. காடுகளைப் பாதுகாப்பது தொடர்பான கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, மத்திய அரசு ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்ட முடியாது. அழகர்மலையிலோ சிறுமலையிலோ லாரி லாரியாக மரம் இறங்குவதில்லை. நம் காடுகள் கார்பனை இழப்பது கோடரியால் ஒரே நாளில் அல்ல. ஆண்டுதோறும் வரும் தீ, விறகு, ஆடு மாடு, களைச்செடி என்று கொஞ்சம் கொஞ்சமாக இழக்கின்றன. பராமரிப்பும் அங்கேதான் தேவை.

இந்த மண்ணின் இயல்பையும் சொல்லிவிட வேண்டும். மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மேகமலையின் ஈரக்காட்டில் ஓர் ஏக்கர் தாங்கும் கார்பனை நாகமலையிலோ அரிட்டாபட்டிக் கரட்டிலோ எதிர்பார்க்கக் கூடாது. இங்கே இயற்கையாக வருவது உசிலை, வெள்வேல், வெப்பாலை, அழிஞ்சில், வேம்பு என்று குட்டையாக, மெதுவாக வளரும் கெட்டி மரங்கள். மெதுவாக வளர்வதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். அடர்த்தி கூடிய மரம் ஒரே பருமனில் அதிகக் கார்பனை வைத்திருக்கும், பஞ்சத்தையும் தாங்கும்.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். வெட்டுப்பட்டு, மேய்ந்து, எரிந்து மொட்டையாகத் தெரியும் பல கரடுகளில் மண்ணுக்கு அடியில் வேர் உயிரோடுதான் இருக்கிறது. முழங்கால் உயரப் புதராக நிற்கும் உசிலையைத் தோண்டிப் பார்த்தால் கையளவு தடிமனில் வேர்க்கட்டை இருக்கும். மேலே கோடையில் காய்ந்து, மழைக்குத் துளிர்த்து, ஆடு கடித்து, மறுபடி துளிர்த்து அப்படியே பல ஆண்டு ஓட்டியிருக்கும். வறண்ட காட்டு இனங்களில் பலவற்றின் இளங்கன்றுகளும் இப்படித்தான்: தண்டு செத்துச் செத்துப் பிழைக்கும், வேர் மட்டும் தடித்துக்கொண்டே போகும், நாலு நல்ல வருடம் கிடைத்தால் ஒரே தூக்காக எழும். அந்த வேர் ஏற்கெனவே தண்ணீர் இருக்கும் ஆழத்தைத் தொட்டுவிட்டது. நர்சரியிலிருந்து பாலிதீன் பையில் வரும் கன்று அந்த ஆழத்தை எட்டுவதற்குள் இரண்டு கோடையைத் தாண்ட வேண்டும். அதில்தான் பெரும்பாலானவை போய்ச் சேருகின்றன.

செய்ய வேண்டியது என்ன? ஒரு கட்டையில் எட்டுப் பத்துத் துளிர் வந்திருந்தால் நேராக, திடமாக இருக்கும் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். சரிவில் மழைநீர் ஓடிவிடாமல் சமமட்டத்தில் குறுக்குவாய்க்காலும் சிறு தடுப்புகளும் போட வேண்டும். ஊர்க் கூட்டத்தில் பேசி, சில ஆண்டுகளுக்கு ஒரு பகுதியில் மட்டும் ஆடு விடாமல் பார்த்துக்கொண்டு, பிறகு அடுத்த பகுதிக்கு மாற வேண்டும். மொத்தக் கரட்டையும் ஒரேயடியாக மூடினால் ஆடு வைத்திருப்பவர் எங்கே போவார்? அடுத்த மலைக்குத்தான் ஓட்டுவார், சேதமும் அங்கே இடம் மாறும். இந்த வேலையில் கன்று நடுவிழா இல்லை, மேடை இல்லை, போட்டோ எடுக்க எதுவும் இல்லை. அதனால்தான் இது அதிகம் நடப்பதில்லை என்று நினைக்கிறேன்.

வேலி போட்டு விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நம் பக்கத்துக் கோயில்காடுகளைப் பாருங்கள். இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் சாமிக்குப் பயந்து ஒரு குச்சி ஒடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதே மழை, அதே மண்தான், சுற்றியிருக்கும் புறம்போக்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது தீ. மாசி தொடங்கி வைகாசி வரை சிறுமலையிலும் தேனிப் பக்கத்து மலைகளிலும் இரவில் தீ வரிவரியாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 2018 மார்ச் 11ல் குரங்கணியில் 20க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது இப்படி ஒரு புல்மலைத் தீதான். கார்பன் கணக்கில் தீ செய்யும் கெடுதல், புகையாகப் போவதில் குறைவு. எரிந்த புல் அடுத்த மழைக்குத் திரும்ப வந்துவிடும், அந்தக் கார்பனும் திரும்பிவிடும். பெரிய இழப்பு வேறு: தீ ஆண்டுதோறும் வந்தால் கன்று எதுவும் மேலே எழாது. கிழட்டு மரங்கள் ஒவ்வொன்றாகச் சாயும், இடத்தைப் பிடிக்க இளையது இருக்காது. இருபது முப்பது ஆண்டில் காடு புல்லும் புதருமாக மாறிவிடும். எந்த ஒரு வருடத்துப் புகைப்படத்திலும் இது தெரியாது.

தீத்தடுப்புக் கோடுகளைத் தை மாதத்துக்குள் சுத்தம் செய்வதும், கோடை முழுக்கத் தீக்காவலர்களுக்கு ஒழுங்காகக் கூலி கொடுப்பதும், செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நடவை விட அதிகக் கார்பனைக் காப்பாற்றும் என்பது என் கணிப்பு. உண்ணிச்செடி என்ற களை அடர்ந்த இடத்தில் தீ மரத்தின் உச்சி வரை ஏறும், அதனால் அதை வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் உடனே நாட்டுப்புல்லும் மரமும் வர வழி செய்யாவிட்டால் இரண்டே மழையில் அது திரும்பிவிடும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் மதுரைக்காரர் யாரும் மனதில் அதை நினைக்காமல் இருக்க முடியாது. கார்பனை மட்டும் அளந்தால் அது மோசமான மரம் இல்லை. மழையில்லாத சீமையில் வேகமாக வளர்கிறது, கட்டை கெட்டி, வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. ஆனால் அது கரிமூட்டத்துக்குப் போனதும் சேர்த்ததில் பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடுகிறது, கண்மாய்க்குள் நின்றால் நீர்ப்பிடிப்பைக் கெடுக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவுகள் போட்டதும், 2022ல் அயல் தாவரங்களுக்கென்று தமிழக அரசு தனிக் கொள்கை கொண்டுவந்ததும் தெரிந்ததுதான். என் கருத்து: கண்மாயிலும் வரத்துக் காலிலும் எடுங்கள். மேட்டு நிலத்தில் ஜேசிபி வைத்து ஒரே மூச்சில் பிடுங்கி மண்ணைப் புரட்டாமல், பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் நாட்டு மரம் எழுந்த பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஜேசிபி என்றதும் மண்ணுக்கு வர வேண்டியிருக்கிறது. நம் செம்மண்ணில் கரிமச்சத்து, அதாவது மட்கிலிருந்து வந்த கார்பன், பெரும்பாலும் 0.5 சதவீதத்துக்கும் கீழே. அதுவே முழுசாக 0.5 இருப்பதாக வைத்துக்கொண்டால், மேல் 30 செ.மீ. மண்ணில் ஏக்கருக்கு 8 டன்னுக்கு மேல் கார்பன் வரும். கார்பன் டை ஆக்சைடாகச் சொன்னால் 30 டன். நடவுக்காக நிலத்தை முழுக்க உழுது புரட்டினால் இதில் ஒரு பகுதியை முதல் வருடமே இழந்துவிடுவீர்கள். குழி மட்டும் தோண்டுங்கள். மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

இனி உங்கள் ஊர்க் கரடு. "சும்மா கிடக்கிறது, மரம் வைக்கலாம்" என்பது நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் பாறையும் முட்புதரும் புல்லுமாக இருப்பதெல்லாம் கெட்டுப்போன காடு இல்லை. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி உங்களுக்குப் பக்கம்தானே. ஏறத்தாழ 193 ஹெக்டேர். லகுடு வல்லூறு என்ற வேட்டைப் பறவை அங்கே இருப்பது உயரமான மரங்களால் அல்ல, மொட்டைப் பாறையாலும் திறந்த வெளியாலும். பாறை இடுக்குச் சுனைகளுக்கு மேலே தைல மரத்தை நட்டால் கார்பன் கொஞ்சம் கூடலாம், சுனை வற்றலாம்.

கொடைக்கானல் மேட்டில் இந்தத் தவற்றை ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்தாயிற்று. சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளிகளை வீண்நிலம் என்று நினைத்து, வாட்டில் என்ற அயல்நாட்டு மரமும் பைனும் தைல மரமும் வைத்தார்கள். அந்தக் குளிர்ந்த மேட்டில் புல்வெளி மண்ணே பெரிய கார்பன் கிடங்கு, அதோடு மழையை ஊறவிட்டு ஆற்றுக்குக் கொடுப்பதும் அதுதான். மஞ்சளாறும் வராகநதியும் பழனி மலையிலிருந்து இறங்கித்தான் வைகைக்கு வருகின்றன. மரத்தில் சேர்ந்த கார்பனுக்கு நாம் தண்ணீரில் விலை கொடுத்தோம். வாட்டில் இப்போது நடாத இடத்திலும் தானாகப் பரவுகிறது.

கரட்டில் நட்டே தீர வேண்டும் என்றால் அடிவாரத்தில், மண் ஆழம் உள்ள இடத்தில், வேர்க்கட்டை இல்லாத வெற்றிடத்தில் மட்டும் நடச் சொல்லுங்கள். உசிலை, வேம்பு, இலுப்பை, ஆத்தி, கண்மாய்க் கரையில் நீர்மருது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் மழை கை கொடுக்கும். எத்தனை கன்று நட்டோம் என்று பலகை வைக்காமல், மூன்றாம் ஆண்டுக் கோடை முடிந்த பிறகு எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பலகை வைக்கச் சொல்லிப் பாருங்கள், ஆயிரக்கணக்கு என்ற பேச்சே குறைந்துவிடும்.

கடைசியாக உங்கள் 4 ஏக்கர். வரப்போரம் ஏக்கருக்கு 40 மரம் வைக்கிறீர்கள், எல்லாமே பிழைத்து 25 ஆண்டில் 100 செ.மீ. சுற்றளவுக்கு வருகின்றன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 360 கிலோவோடு வேருக்குக் கால் பங்கு சேர்த்தால் 450 கிலோ. அது காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடு முக்கால் டன்னுக்குச் சற்று மேல். 160 மரத்துக்கு 124 டன் வருகிறது, அதாவது ஆண்டுக்குச் சராசரி 5 டன். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. சந்தை விலை திட்டத்துக்குத் திட்டம் பெரிதும் மாறும். டன்னுக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலும் 4 ஏக்கருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 5,000 ரூபாய்தான். அதிலிருந்து அளவீடு, தணிக்கை, சான்று, ஏஜென்ட் பங்கு எல்லாம் கழியும். "ஏக்கருக்கு லட்சம்" என்று அவர் சொல்லியிருந்தால் அவருடைய சூத்திரத்தை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பணம் மரத்தில்தான் இருக்கிறது, கிரெடிட் அதற்கு மேல் கிடைக்கும் சில்லறை. புளி, இலுப்பை, தேக்கு, பூவரசு, பழ மரம் என்று கலந்து வையுங்கள். நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் வேம்பையும் பனையையும் தொடாதீர்கள். விவசாய நிலத்தில் வைக்க வேளாண்மைத் துறை வழியாகக் கன்றுகள் இலவசமாகக் கிடைக்கும் திட்டம் உண்டு, உங்கள் வட்டாரத்தில் கேளுங்கள். தேக்கு போன்ற சிலவற்றை வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி வேண்டியிருக்கலாம், அதையும் நடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கிரெடிட் முழுக்க ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான விவசாயிகளைச் சேர்த்து ஒழுங்காக நடத்தப்படும் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் 2023ல், கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா என்ற நிறுவனத்தின் சான்று பெற்ற மழைக்காட்டுத் திட்டங்களின் கணக்கே ஊதிப் பெருக்கப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதின, அந்த நிறுவனம் மறுத்தது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு வாங்குபவர்களும் கூர்ந்து கேட்கிறார்கள். திட்டம் இல்லாவிட்டாலும் இந்த மரம் வந்திருக்குமா? இங்கே மூடியதால் வேறெங்காவது வெட்டினார்களா? முப்பது வருடம் நிற்குமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கிரெடிட்டை இனி விற்பது கடினம். ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குக் கிரெடிட் வாங்கித் தருகிறேன் என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஏஜென்ட் அடுத்த முறை வரும்போது இவற்றைக் கேளுங்கள்: ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, எந்தப் பதிவேட்டில் திட்டம் பதிவாகியிருக்கிறது, எனக்கு எத்தனை சதவீதம், முதல் பணம் எந்த ஆண்டு வரும், இடையில் நிலத்தை விற்றாலோ அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலோ என்ன ஆகும், புயலிலோ தீயிலோ மரம் போனால் யார் பொறுப்பு, மகள் கல்யாணத்துக்கு இரண்டு தேக்கை வெட்ட எனக்கு உரிமை உண்டா. பதிலைத் தமிழில் எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.